இரண்டாம் தரம் கேட்காத ஊர்

தள்ளுவண்டியில் ஆப்பிள் கேக் வந்தது. பட்டையும் வெண்ணெயும் கலந்த வாசனை கூடம் முழுக்க நிறைந்திருந்தது. அந்த முதியோர் இல்லத்தின் சமையல்காரி ஹெல்கா ஒரு துண்டை வெட்டித் தட்டில் வைத்து, என் முன்னால் நீட்டி, சிரித்தபடி ஏதோ கேட்டாள். எனக்கு ஜெர்மன் தெரியாது. ஆனால் ஒரு பெண் தட்டை நீட்டிக்கொண்டு கேட்டால் வேறு என்ன கேட்டுவிடப் போகிறாள்?

எனக்கு நல்ல பசி. காலையில் இரண்டு ரொட்டி, மதியம் உப்பு குறைந்த உருளைக்கிழங்கு, அவ்வளவுதான். வாயில் எச்சில் ஊறியது. கையை ஆட்டி, "நோ, நோ" என்றேன்.

ஹெல்கா தட்டை எனக்குப் பக்கத்திலிருந்த கிழவரிடம் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

திரும்பி வருவாள் என்றே நினைத்து உட்கார்ந்திருந்தேன். வரவில்லை. மறுநாளும் அதற்கடுத்த நாளும் வண்டி எனக்கு நேரே வந்ததும், ஹெல்கா அன்பாக ஒரு புன்னகை செய்துவிட்டு என்னைத் தாண்டிப் போனாள். இந்தியாவிலிருந்து வந்திருக்கும் அம்மாவுக்குக் கேக் பிடிக்காது என்று முடிவு கட்டிவிட்டாள். எத்தனை மரியாதையான பெண்! எனக்குத்தான் வயிறு எரிந்தது.

காது வழியாகப் பார்த்த நாடுகள்

இந்தத் தொடரை இந்த வாரம்தான் கையில் எடுப்பவர்களும் இருப்பார்கள். ஜெர்மனியில் எனக்கு என்ன வேலை என்று அவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன்.

திண்டுக்கல் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராக இருந்தவள் நான். இரட்டைச் சடையோடு போய்ச் சேர்ந்தேன், நரைத்த கொண்டையோடு வெளியே வந்தேன். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு அரை நாள் காத்திருந்த காலம் அது. வெங்காய மண்டிக்காரர் பம்பாய்க்குப் பேசுவார். பூட்டு வியாபாரி கல்கத்தாவுக்குப் பேசுவார். மகன் துபாயில் இருக்கும் ஓர் அம்மா லைன் கிடைத்ததும் பேசவே மாட்டார், அழுவார். எல்லாம் என் காது வழியாகத்தான் போயின.

தொண்ணூறுகளில் தெருவுக்குத் தெரு எஸ்.டி.டி. பூத் வந்ததும் எங்கள் நாற்காலிகள் ஒவ்வொன்றாகக் காலியாயின. பிறகு விருப்ப ஓய்வு என்று பேர் வைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதில் விருப்பம் யாருடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

கல்யாணம் ஆகாதவள். தம்பி சேவியர் வீட்டு மாடியில் எனக்கு ஓர் அறை. தம்பி நல்லவன், அவன் மனைவி பாக்கியமும் நல்லவள். குறை சொல்ல ஒன்றும் இல்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. காலையில் ஜன்னலைத் திறந்து மலைக்கோட்டையைப் பார்ப்பேன். மாலையில் அதையே மறுபடியும் பார்ப்பேன்.

காதால் கேட்ட நாடுகளைக் கண்ணால் பார்த்துவிடலாம் என்று அப்போதுதான் கிளம்பினேன். முதலில் இலங்கை, பிறகு மலேசியா. எல்லாம் குரூப் டூர்தான். ஆனால் டூர் முடிந்து மற்றவர்கள் ஊர் திரும்ப, நான் மட்டும் அங்கேயே ஏதாவது ஓர் இல்லத்திலோ பள்ளிக்கூடத்திலோ தங்கிவிடுவேன். சம்பளம் இல்லாத வேலை. சோறும் படுக்கையும் அவர்கள் தருவார்கள். குழுவோடு சுற்றும்வரை எல்லாவற்றையும் பஸ் கண்ணாடி வழியாகத்தான் பார்க்க முடியும். நாலு வெங்காயம் உரித்துக் கொடுத்தால் அடுப்படி வரைக்கும் விட்டுவிடுகிறார்கள்.

புளிக்காய்ச்சல் பாட்டில்

ஐரோப்பா டூருக்கு எங்களோடு ஒரு சமையல்காரரும் வந்தார். சுவிட்சர்லாந்தில் பனிமலை உச்சியில் எலுமிச்சைச் சாதம் சாப்பிட்ட பெருமை எங்கள் குழுவுக்கு உண்டு. மலையைப் பார்த்தவர்களைவிட, ஊறுகாய் எந்தப் பையில் இருக்கிறது என்று பார்த்தவர்களே அதிகம்.

தொப்பம்பட்டிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒரு தம்பதி எனக்குப் பக்கத்து இருக்கை. பிராங்பர்ட் விமான நிலையத்தில் எல்லாரும் ஊர் திரும்ப வரிசையில் நின்றபோது, நான் மட்டும் பெட்டியோடு தள்ளி நின்றேன். தோப்புக்காரருக்கு மனசு கேட்கவில்லை.

"ஏனுங்க்கா, நெசமாலுமே எங்ககூட வரலீங்களா?"

"இல்லைங்க. இங்க ஒரு முதியோர் இல்லத்துல வேலை இருக்கு."

"சம்பளம் எவ்வளவுங்க தருவாங்க?"

"சம்பளமெல்லாம் கிடையாதுங்க."

"கைக்காசு போட்டு வந்து, சும்மா வேலை செஞ்சு குடுத்துட்டுப் போறீங்களா?" என்றார்.

அவர் மனைவி பையைத் துழாவி, மிச்சமிருந்த புளிக்காய்ச்சல் பாட்டிலை எடுத்து நீட்டினார். "வெச்சுக்கங்க. என்னத்தப் போடுவாங்களோ ஏதோ."

"ஐயோ, வேண்டாங்க. உங்களுக்கு வழியில வேணுமே."

"பரவாயில்லீங்க, வாங்குங்க."

"வேண்டாங்க, நெசமாத்தான்."

மூன்றாம் தரம் அவர் பேசவே இல்லை. பாட்டிலை என் கைப்பைக்குள் திணித்து ஜிப்பை இழுத்து மூடிவிட்டார். நானும் அதற்குத்தான் பையைத் தோளில் தளர்வாக மாட்டியிருந்தேன்.

எங்கள் பக்கத்துப் பந்தி

எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லிக் கொடுக்காமலே எல்லாருக்கும் தெரிந்த முறை இது. விருந்துக்கு வந்தவர் முதல் தடவையே "போடுங்க" என்று இலையைக் காட்டினால், அவர் தலை மறைந்ததும் அடுப்படியில் பேச்சு கிளம்பும். ஒரு தரம் மறுக்க வேண்டும். கறிக்குழம்பு என்றால் இரண்டு தரம். எதன்மேல் ஆசை அதிகமோ அதை அதிக அழுத்தமாக மறுக்க வேண்டும். கேட்கிறவரும் விடமாட்டார். இலையைக் கையால் மறைத்தால் விரல் இடுக்கு வழியாக ஊற்றுகிறவர்கள் எங்கள் ஆட்கள்.

இதில் நான் ஒரு தரம் பெரிதாகத் தோற்றிருக்கிறேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாப்பிள்ளை பார்க்க வந்தார். சிவப்பாக, அமைதியாக, நன்றாகத்தான் இருந்தார். எனக்குப் பிடித்திருந்தது. அவர்கள் போன பிறகு அப்பா என்னைக் கூப்பிட்டு, "உனக்குச் சம்மதமாம்மா?" என்று கேட்டார். "எனக்குக் கல்யாணமே வேண்டாம்ப்பா" என்றேன். எந்தப் பெண்தான் அப்போது வேறு மாதிரி சொன்னாள்? அம்மா இருந்திருந்தால் அன்று மாலையே பூக்கட்டும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து மறுபடியும் கேட்டிருப்பார். அப்பா படித்தவர், மகள் பேச்சை மதிக்கிறவர். மதித்துவிட்டார்.

அப்பாவைக் குறை சொல்லவில்லை. ஆனால் பல வருடம் அது எனக்குள் வலித்தது என்பதை எழுதத்தான் வேண்டும். அந்த மாப்பிள்ளையைப் பிற்காலத்தில் மணிக்கூண்டுப் பக்கம் எப்போதாவது பார்ப்பேன். தலை நன்றாக வழுக்கையாகியிருந்தது. அதில் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

மணி அடிக்கட்டும்

ஜெர்மனிக்கு வருகிறேன். ஆற்றோரம் இருந்த ஒரு சின்ன ஊர். கன்னியாஸ்திரீகள் நடத்திய இல்லம். அவர்களில் ஒருவர் சிஸ்டர் அமலா, செம்பட்டிக்காரர். அவருடைய அத்தை என்னோடு தொலைபேசி நிலையத்தில் வேலை பார்த்தவர். அந்தத் தொடர்பில்தான் எனக்கு அங்கே இடம் கிடைத்தது. கேக் விவகாரம் அவர் காதுக்குப் போய், அவர் ஹெல்காவிடம் விளக்கிச் சொன்ன பிறகு, எனக்கு எல்லாரையும்விடப் பெரிய துண்டாக வர ஆரம்பித்தது.

முதலில் காய் நறுக்கவும் துணி மடிக்கவும் விட்டார்கள். எனக்கு அங்கே உண்மையான வேலை கிடைத்தது ஒரு சாயங்காலம். நடைக்கூடத்தில் ஒரு தொலைபேசி இருந்தது. வெர்னர் என்கிற முதியவர் அதோடு போராடிக்கொண்டிருந்தார். அவருக்குக் கை நடுக்கம். ஒரு பொத்தானை அழுத்தினால் விரல் இன்னொன்றில் விழும். மகள் கனடாவில். அப்படியும் இப்படியுமாக எண்ணைப் போட்டுவிட்டாலும், நாலு தடவை மணி அடிப்பதற்குள் தொந்தரவு செய்கிறோமோ என்று வைத்துவிடுவார்.

நான் அவரை நாற்காலியில் உட்கார வைத்தேன். அவர் சீட்டில் எழுதி வைத்திருந்த எண்ணைப் போட்டு, ரிசீவரை என் காதில் வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு நாட்டிலும் மணி ஒவ்வொரு விதமாக அடிக்கும். கனடா மணி நீளமாக அடித்து, நிதானமாக இடைவெளி விடும். எத்தனையோ வருடம் கழித்து அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்தது. வெர்னர் வைத்துவிடச் சொல்லிக் கை காட்டினார். நான் தலையசைத்து மறுத்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் மூச்சு வாங்க ஒரு பெண் குரல் வந்தது.

"ஒன் மொமென்ட் ப்ளீஸ்" என்றேன், பழைய டியூட்டிக் குரலில். ரிசீவரை அவர் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் சாயங்காலம் தொலைபேசி முன்னால் மூன்று பேர் நின்றார்கள். அந்த வாரக் கடைசியில் நாற்காலி போட்டு வரிசையாக உட்கார வேண்டியதாயிற்று. அவர்கள் பேசியதில் ஒரு சொல்லும் எனக்குப் புரியாது. ஆனாலும் மகன் சிடுசிடுத்தால் தெரியும், பேரன் பேசினால் தெரியும். பேச்சு முடிந்து சிலர் என் கையைப் பிடித்துக்கொண்டே இருப்பார்கள்.

அங்கே நான் வேண்டியவளாக இருந்தேன். திண்டுக்கல்லில் எல்லாரும் என்னைப் பாசமாக வைத்திருந்தார்கள். ஆனால் நான் ஒரு நாள் இல்லாவிட்டால் நின்றுபோகிற காரியம் ஒன்றுகூட அங்கே இல்லை. இரவில் சூடில்லாத ரொட்டியைப் புளிக்காய்ச்சல் தொட்டுத் தின்றுகொண்டே, ஆண்டவரே, இங்கேயே இருக்க விடும் என்று வேண்டிக்கொண்டேன்.

மதரின் காபி

இலை உதிர ஆரம்பித்திருந்தது. நான் ஊர் திரும்ப வேண்டிய நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு காலை, இல்லத்தின் தலைவியான மதர் என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் காபி ஊற்றிக் கொடுத்தார். உயரமான, அதிகம் பேசாத பெண்மணி. இங்கிலீஷ் நிதானமாகப் பேசுவார்.

"குளிர்காலத்தில் இங்கே பலருக்கு மனம் சோர்ந்துவிடும். நீங்கள் வசந்தம் வரை எங்களோடு இருக்க முடியுமா? விசா வேலைகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார்.

நான் கேட்டு வேண்டிக்கொண்டதை அப்படியே தட்டில் வைத்து நீட்டுகிறார். கேக் விஷயத்தில் பட்ட பாடு எல்லாம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. ஆனால் வாய் என்னைக் கேட்டுக்கொண்டு பேசவில்லை.

"வேண்டாம் மதர். உங்களுக்கு எதற்குச் சிரமம்" என்றேன்.

"உங்கள் குடும்பம் காத்திருக்கும். புரிகிறது" என்றார் அவர். "இவ்வளவு தெளிவாகச் சொன்னதற்கு நன்றி."

நான் காபியை மெதுவாகக் குடித்தேன். கோப்பையைக் காலி செய்யாமல் வைத்துக்கொண்டேன். மதர் மழையைப் பற்றிச் சொன்னார். கொதிகலனைப் பழுது பார்க்க ஆள் வரவில்லை என்று சொன்னார். பிறகு எழுந்து கதவைத் திறந்து, எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சலவை அறையில் போர்வை மடித்துக்கொண்டிருந்த சிஸ்டர் அமலாவிடம் போய் நின்றேன். கண்ணீர் வந்துவிட்டது.

"ஏன்க்கா வேணாம்னீக? ஒங்களுக்குத்தான் இருக்கணும்னு அம்புட்டு ஆசையாச்சே!"

"இன்னொரு தரம் கேப்பாகன்னு நெனச்சேன் சிஸ்டர்."

"இங்க ரெண்டாந்தரம் கேக்க மாட்டாகக்கா. வேணாம்னு சொன்னவுகள மறுபடி கேட்டா, அவுக பேச்ச நம்பலன்னு ஆயிரும்ல." கையிலிருந்த போர்வையை வைத்தார். "இருங்க, நான் போயி பக்குவமாச் சொல்லிட்டு வாரேன்."

நம் ஊரில் அதுதான் வழி. நாம் வாய் திறக்காமல் நமக்காக இன்னொருவர் போய்ச் சொல்வது. சரி என்று தலையாட்டப் போனவள், நிறுத்திக்கொண்டேன். அப்பாவிடம் எனக்காகப் போய்ச் சொல்ல அன்று ஆள் இல்லை என்றுதானே இத்தனை வருடம் ஏங்கினேன்? எனக்கும் ஒரு வாய் இருந்ததே. "வேண்டாம் சிஸ்டர், நானே போறேன்" என்றேன்.

ஆனால் தைரியம் வர மறுநாள் ஆகிவிட்டது.

தோட்டத்தில் மதர் உதிர்ந்த இலைகளைக் கூட்டிக்கொண்டிருந்தார். நேரே போய், "மதர், எனக்கு இங்கே இருக்க ஆசை. நேற்று வேண்டாம் என்றது மரியாதைக்காக. எங்கள் ஊரில் முதல் தரம் அப்படித்தான் சொல்வோம்" என்றேன்.

அவர் துடைப்பத்தில் சாய்ந்துகொண்டு கேட்டார்: "அப்படியானால் சம்மதம் என்று எப்படித் தெரிந்துகொள்வது?"

"இன்னொரு தரம் கேட்க வேண்டும்."

"உண்மையிலேயே வேண்டாம் என்றால்?"

"அப்போதும் வேண்டாம் என்றுதான் சொல்வோம்."

மதர் சிரிக்கவில்லை. "ரொம்பக் கஷ்டமான நாடு" என்றார். பிறகு என் தோளில் கை வைத்தார். நான் மறுத்த அன்று மாலையே போலந்துப் பெண் ஒருத்திக்குப் போன் செய்தாராம், அவளும் வருகிறேன் என்று சொல்லிவிட்டாளாம். இருப்பது ஓர் அறைதான். வார்த்தையை மாற்ற முடியாது.

"அடுத்த வருடம் இலையுதிர் காலத்தில் வாருங்கள். ஒரு வருடம் இருக்கலாம். வருவீர்..."

"வருவேன்" என்றேன். அவரை முடிக்க விடவில்லை.

பாக்கியம் கேட்டது

ஊர் வந்து சேர்ந்த முதல் ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து வந்து சாப்பிட உட்கார்ந்தோம். பாக்கியம் சீரகச் சம்பாவில் பிரியாணி செய்திருந்தாள். சேவியர் தொண்டையைச் செருமினான்.

"அக்கா, இம்புட்டு நாளு சுத்துனது போதும். மாடி ஏறி எறங்க ஒனக்கும் முடியாது. கீழ முன் ரூமை ஒனக்குன்னு ஒழுங்கு பண்ணியிருக்கோம், பாத்ரூமோட. இனி எங்கயும் போக வேணாம். எங்களோடயே இருந்துரு."

அவன் அன்பு எனக்குத் தெரியும். அந்தக் கட்டட வேலைக்கு அவன் எவ்வளவு அலைந்திருப்பான் என்பதும் தெரியும்.

"வேணாம் தம்பி," என்றேன். "அடுத்த வருசம் நான் திரும்ப ஜெர்மனி போறேன். ஒரு வருசம் இருக்கணும்."

"அட, எங்களுக்கு இதுல என்னக்கா சிரமம்?"

"சிரமத்துக்காகச் சொல்லல. எனக்கு அங்க இருக்கணும்னு ஆசையா இருக்கு."

"சரி சரி, பெறகு பேசுவோம். மொதல்ல ரூமைப் பாரு, டைல்ஸெல்லாம் ஒனக்குப் பிடிச்ச கலருதான்."

"ரூம் வேணாம்ப்பா."

"நீ கூச்சப்படுறக்கா," என்று சிரித்தான்.

வாழ்க்கையில் முதல் முறையாக உண்மையிலேயே வேண்டாம் என்று சொல்கிறேன். அதைக் கேட்க வீட்டில் ஆள் இல்லை. இன்னும் எத்தனை தரம் சொல்ல வேண்டுமோ என்று மலைத்தபோது, பாக்கியம் கரண்டியைச் சட்டியில் வைத்தாள்.

"விடுங்க. மதினி நெசமாத்தான் சொல்றாக."

சேவியர் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "நெசமாவாக்கா?"

"நெசமாத்தான்ப்பா."

அவன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். கண் கலங்கியிருந்தது. எனக்கும் வலித்தது. ஆனால் சொன்னதை மாற்றவில்லை.

சாப்பிட்டு முடிந்ததும் அடுப்படிக்குப் போனேன். பாக்கியம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்கு மட்டும் எப்படிப் பாக்கியம் தெரிஞ்சுச்சு?"

"இம்புட்டு வருசமாச் சோறு போடுறேன்ல மதினி. வேணாம்னு சொல்லிட்டு என் கையத்தான் பாப்பீக, அடுத்த கரண்டி வருதான்னு. இன்னிக்குப் பாக்கவே இல்ல."

அவள் குழாயை மூடினாள். முந்தானையில் கையைத் துடைத்தாள். துடைத்துக்கொண்டே இருந்தாள்.

அவளுடைய அம்மா தாடிக்கொம்பில் தனியாக இருந்தார். எங்களுக்கெல்லாம் தெரிந்ததுதான். கூட்டி வந்து வைத்துக்கொள்ளட்டுமா என்று பாக்கியம் ஒரு நாளும் கேட்டதில்லை. கூட்டி வாயேன் என்று நாங்களும் ஒரு தரம்கூடச் சொன்னதில்லை.

"மதினி," என்றாள், தரையைப் பார்த்தபடி. "அந்த முன் ரூம்ல எங்கம்மாவக் கொண்டாந்து வச்சுக்கட்டா?"

"வச்சுக்க," என்றேன். "இன்னிக்கே போயிக் கூட்டிட்டு வா."